பிராக்கெட் உடைந்த இடத்தில் இழைகள் எப்படிப் படுத்திருந்தன?

30 சதவீதம் கண்ணாடி இழை கலந்த நைலான் 66 பிராக்கெட் ஒன்று, போல்ட் துளைக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில் உடைந்துகொண்டே இருந்தது. முதலில் சாம்பல் சோதனை செய்தோம். பிளாஸ்டிக்கை உலையில் எரித்துவிட்டு, மிஞ்சும் கண்ணாடியை எடை போடுவார்கள். அளவு சரியாகவே இருந்தது. ஆனால் இழை எவ்வளவு என்றுதான் அது சொல்லும். எந்தத் திசையில் கிடக்கிறது என்று சொல்லாது. அதனால் மைக்ரோ சிடிக்குக் கொண்டுபோனோம்; துண்டைச் சுற்றிலும் எக்ஸ்-ரே எடுத்து, உள்ளே இருப்பதை முப்பரிமாணப் படமாக்கும் ஸ்கேன் அது.

துண்டை எவ்வளவு சின்னதாக வெட்டலாம் என்பதுதான் அங்கே முதல் கேள்வி. இழையின் விட்டம் சுமார் 10 மைக்ரான். ஒவ்வொன்றும் தனியாகத் தெரிய வேண்டுமானால் ஒரு வாக்ஸல், அதாவது முப்பரிமாணப் படத்தின் மிகச் சிறிய கட்டம், 2, 3 மைக்ரானுக்குள் இருக்க வேண்டும். டிடெக்டரின் அகலம் 2000 பிக்ஸல் என்றால் 4 முதல் 6 மில்லிமீட்டர்தான் படத்துக்குள் வரும். பிராக்கெட்டை முழுசாக வைத்தால் காற்றுக்குமிழிகள் தெரியலாம், இழை தெரியாது.

படம் வந்ததும் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றேன். அச்சின் சுவரை ஒட்டிய அடுக்குகளில் இழைகள் உருகிய நைலான் ஓடிய திசையிலேயே நீண்டு கிடந்தன. நடுவில் மட்டும் குறுக்காக. இது வழக்கமானதுதான். துளையருகே நிலைமை வேறு. துளையைச் சுற்றி இரண்டாகப் பிரிந்த ஓட்டம் மறுபடி சேரும் வெல்டு லைனில் இழைகள் எல்லாம் கோட்டோடு கோடாகப் படுத்திருந்தன. கோட்டைத் தாண்டிப் பாலம் போட ஏறக்குறைய இழையே இல்லை. இழுவிசை முழுக்க வெறும் நைலான் மேல்! பிறகு உருகிய நைலான் அச்சுக்குள் நுழையும் வாயிலான ‘கேட்’டை இடம் மாற்றி, அந்தக் கோடு பளு குறைந்த பக்கம் விழும்படி செய்தார்கள்.

---

அண்ணா, உங்களுக்குக் கண்ணாடி இழை அமைந்தது பெரிய வசதி. நான் பார்த்தது கார்பன் இழை, எபாக்ஸி. கண்ணாடியின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 2.5 கிராம், நைலான் 1.14, எக்ஸ்-ரேயில் பளிச்சென்று பிரியும். கார்பன் 1.8, எபாக்ஸி 1.2, இரண்டும் லேசான அணுக்கள். இழையும் 5 முதல் 7 மைக்ரான்தான். சாதாரணமாக எடுத்தால் எல்லாம் ஒரே சாம்பல் நிறம். எக்ஸ்-ரே ட்யூபின் வோல்டேஜைக் குறைத்ததில் கொஞ்சம் தேறியது. இதற்குத்தான் பிரான்ஸின் கிரெனோபிளில் இருப்பது போன்ற சின்க்ரோட்ரான்களில், அதாவது மிக வலுவான எக்ஸ்-ரே தரும் பெரிய முடுக்கிகளில், ஃபேஸ் கான்ட்ராஸ்ட் முறையைக் கையாள்கிறார்கள்: டிடெக்டரைத் தள்ளி வைத்தால் இழையின் விளிம்புகள் எடுப்பாகத் தெரியும்.

துண்டு வெட்டுபவர்களுக்கு ஒன்று. வெட்டுவதற்கு முன்பே கேட் இருக்கும் பக்கத்துக்கு அம்புக்குறி போட்டுவிடுங்கள். அது இல்லாவிட்டால், படம் எவ்வளவு தெளிவாக வந்தாலும் ஓட்டத்தோடு பொருத்திப் பார்க்க வழியில்லை.