நம்ம குடும்பம் குழு: பாப்பாவின் ஆடிஷன்

சித்தப்பா: பாப்பா ஏழாம் வகுப்பில் சேர வயலின் வாசித்துக் காட்டப் போகும் கலிபோர்னியா பள்ளி, நீ அனுப்பிய படம் பார்த்தேன்மா. ஆரஞ்ச் கவுண்டி ஸ்கூல் ஆஃப் தி ஆர்ட்ஸ். ஏழு மாடியா! தனியார் பள்ளிதானே, வருடத்துக்கு எவ்வளவு கேட்கிறார்கள்?

நான்: ஒன்றும் கிடையாது சித்தப்பா, அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளி. சார்ட்டர் பள்ளி என்பார்கள். பணம் மாநிலத்துடையது, நடத்துவது தனிக் குழு. சொன்னபடி நடத்தினால்தான் அனுமதியைப் புதுப்பிப்பார்கள். கலிபோர்னியாவில் இதற்கான சட்டம் 1992இல் வந்தது.

மதுரை அத்தை: ஏழாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை வயலினையே பிடித்துக்கொண்டிருந்தால் கணக்கு, அறிவியல் என்ன ஆகும் கண்ணு?

நான்: எல்லாம் உண்டு அத்தை. முதலில் மற்ற பள்ளிகள் மாதிரியே பாடம். கலை வகுப்பு அதற்கப்புறம், பிற்பகலில். நாங்கள் இருக்கும் இர்வைனில் மற்ற பிள்ளைகள் வீட்டுக்கு வந்து விளையாடும் நேரத்தில் இவள் பள்ளி இருக்கும் சாண்டா ஆனாவில் வாசித்துக்கொண்டிருப்பாள். வீட்டுப்பாடம் எப்போது செய்வாள் என்பதுதான் என் கவலை. அவளுக்கு அந்தக் கவலையே இல்லை!

தம்பி: அக்கா, அரசுப் பணம் எல்லாவற்றுக்கும் போதுமா?

நான்: போதாது. கலை வகுப்புகளுக்காகத் தனியாக நிதி திரட்டுகிறார்கள், பெற்றோரிடமும் நன்கொடை கேட்பார்கள். ஆனால் கட்டாயம் இல்லை. அரசுப் பள்ளியில் கட்டணம் வாங்கவே கூடாது என்பது இங்கே சட்டம். முடிந்ததைக் கொடுப்போம்.

நான்: என் மனதை உறுத்துவது வேறு. ஆடிஷன் வைத்து, அதாவது திறமையைக் காட்டச் சொல்லி, எடுக்கிறார்கள். சின்ன வயதிலிருந்தே காசு கட்டிக் கற்ற பிள்ளைகள்தான் அதில் முந்துவார்கள். பள்ளி இருக்கும் ஊரிலோ பெரும்பாலும் மெக்சிகோ வழிக் குடும்பங்கள், உழைத்துப் பிழைப்பவர்கள். அந்தத் தெருப் பிள்ளைக்கும் ஓர் இடம் கிடைக்க வேண்டும். பாப்பாவுக்காக ஆசைப்படும்போதே இதுவும் தோன்றுகிறது.

தம்பி: நியாயம்தான் அக்கா. அங்கே படித்தவர்கள் யாராவது தெரிந்த முகமா?

நான்: 'க்ளீ' என்ற அமெரிக்க டிவி தொடரில் ஆசிரியராக வருவாரே, மேத்யூ மோரிசன், அவர் அங்கே படித்தவர்தான். இந்தப் பள்ளி 1987இல் லாஸ் அலமிட்டோஸ் உயர்நிலைப் பள்ளிக்குள் தொடங்கியதாம். 2000இல்தான் சார்ட்டர் ஆகி சாண்டா ஆனாவுக்கு வந்தது.

அப்பா: எல்லாம் படித்தேன். ஒரே கேள்வி. அங்கே நின்றுகொண்டு, தாடையில் இடுக்கித்தானே வாசிக்க வேண்டும்? நம் பிள்ளை சம்மணம் போட்டு, வயலினின் தலைப்பகுதியைக் கணுக்காலில் ஊன்றிப் பழகியவள்.

நான்: இரண்டும் வரும் அப்பா. இப்போது படிக்கும் பள்ளி ஆர்கெஸ்ட்ராவில் இரண்டு வருடமாக நாற்காலியில் உட்கார்ந்து, தாடையில் வைத்துத்தான் வாசிக்கிறாள். ஆடிஷனுக்கும் மேற்கத்திய இசைதான். ஆனால் தினமும் காலையில் தரையில் உட்கார்ந்து மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை வாசித்த பிறகுதான் மற்றதைத் தொடுகிறாள். நான் சொல்லித் தரவில்லை, அவளாகவே செய்கிறாள்.

மதுரை அத்தை: 🙏🙏 மீனாட்சி துணை.

சித்தப்பா: இடம் கிடைக்காவிட்டால் பிள்ளை உடைந்து போவாளேம்மா.

நான்: அழுவாள் சித்தப்பா. பக்கத்தில் இருப்பேன். அடுத்த வருடம் எட்டாம் வகுப்புக்கு மறுபடி முயலலாம் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.

அப்பா: ஆடிஷனுக்கு முன் ஒரு தடவை நான் கேட்க வேண்டும். உங்களுக்குச் சனிக்கிழமை மாலை 5 மணி, எங்களுக்கு ஞாயிறு காலை 6.30. வீடியோவில் கூப்பிடு. நின்றே வாசிக்கட்டும். முடியும் வரை நான் வாய் திறக்க மாட்டேன்.

நான்: சரி அப்பா. இப்போதே வயலின் வில்லுக்கு ரோசின் பிசினைத் தடவ ஆரம்பித்துவிட்டாள்.