புதுப்பிப்பு: மகனின் எடையும் குடல் பாக்டீரியாவும்

எட்டு வயது மகனின் எடை குறைய புரோபயாடிக் (நல்ல பாக்டீரியா அடங்கிய) மாத்திரை தரலாமா என்று நான்கு மாதம் முன்பு கேட்டிருந்தேன். தரவில்லை. 2006-இல் அமெரிக்காவில் ஆய்வாளர் ஜெஃப்ரி கார்டனின் குழு, பருத்த எலியின் குடல் பாக்டீரியாவைக் கிருமியே இல்லாமல் வளர்த்த எலிக்கு மாற்றியபோது அதற்குக் கொழுப்பு கூடியது உண்மைதான், ஆனால் அது எலி. குழந்தைக்கு முதல் சிகிச்சை சாப்பாடு, விளையாட்டு, தூக்கம், அதுவும் குடும்பமே சேர்ந்து மாறுவது என்றார் மருத்துவர்.

சரி, பிஸ்கட் டப்பா போய் மாலையில் கொண்டைக்கடலைச் சுண்டல் வந்தது. அதிலுள்ள நார்ச்சத்திலிருந்துதான் பெருங்குடல் பாக்டீரியா பியூட்டிரேட் என்ற, குடல் சுவரின் செல்களுக்கு உணவாகும் கொழுப்பு அமிலத்தைத் தயாரிக்கிறது. முதல் வாரம் வயிறு உப்பி அழுதான், பாவமாக இருந்தது, அளவைக் குறைத்து மெல்லக் கூட்டினோம். இப்போது எடை அப்படியே நிற்கிறது, உயரம் 2 செ.மீ. கூடியிருக்கிறது. வளரும் பிள்ளைக்கு இதுவே நல்ல முன்னேற்றமாம். நேற்று மாடிப்படியில் எனக்கு முன்னால் ஓடினான்!