சாம்பல் விழும் தீவில் மழைநீர்த் தொட்டி, கூரை: முன்கூட்டியே என்ன செய்வது?

கேள்வி:
கரீபியன் கடலில், செயின்ட் வின்சென்ட் தீவின் லா சூஃப்ரியேர் எரிமலைக்குப் பக்கத்திலுள்ள பெக்வியா போன்ற சின்னத் தீவுகளில் கூரை மழைநீரைத் தொட்டியில் பிடித்துத்தான் குடிக்கிறார்கள். சாம்பல் வருமென்று அறிவிப்பு வந்தால் எதை முதலில் செய்யச் சொல்ல வேண்டும்? கூரையைத் தண்ணீர் அடித்துக் கழுவலாமா?

பதில் 1:
முதலில் தொட்டிக்கு இறங்கும் குழாயைக் கழற்றுங்கள். திறந்திருக்கும் வாயைத் துணி கட்டி அடைத்து, தொட்டியை மூடிவிட்டு, குடிக்கச் சமைக்க வேண்டிய தண்ணீரைத் தனியாகப் பிடித்து வையுங்கள். சாம்பல் இறங்கியபின் கழற்றினால் பயன் குறைவு. முதல் தூறலே அத்தனையையும் உள்ளே அடித்துக்கொண்டு போய்விடும். சாம்பல் துகளில் ஒட்டியிருக்கும் அமிலமும் ஃபுளோரைடும் தண்ணீரில் கரையும். கலங்கிய தண்ணீரில் குளோரின் போட்டாலும் சரியாக வேலை செய்யாது, துகள்களுக்குப் பின்னே கிருமி தப்பிவிடும். கூரையையும் ஓரத்துத் தகரக் கால்வாயையும் சுத்தம் செய்து, அடுத்த நல்ல மழையை வெளியே விட்டபிறகே குழாயை மாட்ட வேண்டும்.

பதில் 2:
தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டாம். 10 செ.மீ. ஈரச் சாம்பல் ஒரு சதுர மீட்டருக்கு 100 முதல் 200 கிலோ வரை கனக்கும். காய்ந்திருக்கும்போது ஏறக்குறைய அதில் பாதிதான் இருக்கும். தெளித்தால் தூசி அடங்குமளவு போதும். அதற்கு மேல் போனால் சாம்பல் சேறாகி, காய்ந்ததும் சிமெண்ட் மாதிரி இறுகும், கால்வாய்த் தகரம் பிய்ந்து தொங்கும். மெல்லிய அடுக்காக இருக்கும்போதே அடிக்கடி வாருங்கள், தடிக்க விடாதீர்கள். என்95 முகமூடி, முகத்தோடு ஒட்டிய கண்ணாடி, ஏணியைப் பிடிக்க ஒரு ஆள். வழுக்கி விழுவதுதான் அங்கே பெரிய அபாயம், மூச்சுத்திணறல்கூட அதற்கு அடுத்துதான்.

பதில் 3:
மேலே சொன்னதெல்லாம் எரிமலையிலிருந்து தள்ளியிருக்கும் வீடுகளுக்குத்தான். அபாய வரைபடத்தில் சிவப்பு நிறமிட்ட, எரிமலைக்கு மிக அருகிலான மண்டலத்தில் கூரையைப் பற்றிப் பேசுவதே தவறு. சரிவில் பாயும் பைரோகிளாஸ்டிக் ஓட்டத்துக்கு (கொதிக்கும் வாயுவும் சாம்பலும் பாறையும் கலந்த பெருக்கு) முன்னால் ஓட முடியாது, முகமூடியும் உதவாது. லா சூஃப்ரியேரில் 1902-ல் 1,500 பேருக்கு மேல் செத்தார்கள். 2021 ஏப்ரல் 8 அன்று இடைவிட்டு நீண்ட அதிர்வுகள் பதிவானதும் வெளியேற்ற உத்தரவு வந்தது. மறுநாள் காலை வெடித்தது. வெடிப்பில் நேரடியாக ஒருவரும் சாகவில்லை. நிறங்கள் இட்ட அந்த அபாய வரைபடம் ஊராருக்கு முன்பே பழகியிருந்ததால்தான் ஒரே இரவில் கிளம்ப முடிந்தது. எரிமலை ஆய்வாளர் முன்னதாகச் செய்து முடிக்க வேண்டிய வேலை, அப்படிப் பழக்கிவைப்பதே.

கேள்வி கேட்டவர்:
நன்றி. காற்று கிழக்கிலிருந்து வீசும் தீவுகள்தானே, கிழக்கே இருப்பவர்கள் அஞ்ச வேண்டுமா?

பதில் 3:
கட்டாயம். கீழே வீசுவது கிழக்குக் காற்று. உயரத்தில் மேற்கிலிருந்து வீசும். 2021-ல் சாம்பல் கிழக்கே பார்படோஸில் கொட்டியது அப்படித்தான். வெடிப்பு ஓய்ந்தாலும் செயின்ட் வின்சென்ட்டின் ரபாக்கா போன்ற வறண்ட ஆற்றுப்படுகைகளில் மாதக்கணக்கில் கவனம் வேண்டும். மலையுச்சியில் மழை பெய்தால், கீழே வெயில் அடிக்கும்போதே சாம்பலும் பாறையும் கலந்த சேற்றுப் பெருக்கு இறங்கிவிடும். படுகையை வண்டியில் கடப்பதற்கு முன் மேலே மேகம் கட்டியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.