ஜெயில் வார்டர் வேலை: சம்பளத்தைக் கேட்கிறவர்கள் டூட்டியையும் கேளுங்கள்

மைதானத்து வாத்தியார், கணியம்பாடி

வணக்கம். ராணுவத்தில் பதினேழு வருஷம் இருந்துவிட்டு ஊருக்கு வந்தவன் நான். பக்கத்து ஊர் கம்மவான்பேட்டை. வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய ஊர் என்று வேலூரில் எல்லோருக்கும் தெரியும். எங்கள் பக்கத்தில் காக்கி போடுவது ஒரு பழக்கம் மாதிரி. இப்போது காலை ஐந்து மணிக்கு ஒரு மைதானத்தில் சீருடைத் தேர்வுக்குப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன்.

போன வாரம் ஒரு பையன் கேட்டான்: "சார், வார்டர் போஸ்ட் கிடைச்சா போயிடலாமா? இல்ல விட்டுட்டு அடுத்த தடவை போலீஸுக்குப் பார்க்கலாமா?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். போலீஸ், சிறை, தீயணைப்பு மூன்றுக்கும் ஒரே தேர்வு. பத்தாம் வகுப்பு படித்திருந்தால் போதும். பொதுப் பிரிவு ஆண்களுக்கு உயரம் 170 சென்டிமீட்டர், ஓட்டம் 1500 மீட்டர் 7 நிமிஷத்தில். இரண்டாம் நிலைக் காவலருக்கும் இரண்டாம் நிலைச் சிறைக்காவலருக்கும் அடிப்படைச் சம்பளம் ஒன்றுதான், 18,200 ரூபாயில் தொடக்கம். "அப்போ ரெண்டும் ஒண்ணுதானே சார்" என்றான். நானும் ஆமாம் என்றேன்.

அதற்கு மூன்று நாள் கழித்து தொரப்பாடி டீக்கடையில் என் பழைய மாணவன் ஒருவனைப் பார்த்தேன். வேறு மாவட்டத்தில் வார்டராக இருக்கிறான், லீவில் வந்திருந்தான். பெஞ்ச் காலியாக இருந்தும் உட்காராமல் நின்றபடியே டீ குடித்தான். உட்காருடா என்றேன். "நின்னு நின்னு பழகிடுச்சு சார். ஓட விட்டீங்க, கயிறு ஏற விட்டீங்க. எட்டு மணி நேரம் நிக்கிறதுக்கும், அது முடிஞ்சதும் ஆள் வரலன்னு திரும்ப நிக்கிறதுக்கும் யாருமே பழக்கல" என்றான். அவன் குறையாகச் சொல்லவில்லை. ஆனாலும் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பாதி விஷயம் தெரியாமல் ஒரு பையனுக்குப் பதில் சொல்லிவிட்டேனே என்று இருந்தது.

சிறைத்துறையில் இருக்கிறவர்கள், இருந்தவர்கள், வீட்டில் ஆள் இருக்கிறவர்கள் எழுதுங்கள். எந்தச் சிறை, எந்த அதிகாரி என்று பெயர் வேண்டாம். பார்த்ததை மட்டும் எழுதுங்கள்.

அணைக்கட்டுப் பொண்ணு

வாத்தியார் ஐயா, நான் இரண்டாம் நிலைச் சிறைக்காவலர். ஆதரவற்ற விதவை ஒதுக்கீட்டில் வந்தவள். பெண்களுக்கான இடங்களில் 3 சதவீதம் எங்களைப் போன்றவர்களுக்கு. பொதுப் பிரிவினருக்கு 26 வயதோடு கதவு மூடிவிடும், எங்களுக்கு 37 வரை திறந்திருக்கும். இது நிறையப் பெண்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. ஷூ கம்பெனியில் மேல்தோல் தைத்துக்கொண்டிருந்தேன். கம்பெனி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அக்கா சொல்லித்தான் வருவாய்க் கோட்டாட்சியர் இருக்கும் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போய் ஆதரவற்ற விதவைச் சான்றிதழ் வாங்கினேன். முப்பது வயதில், இரண்டு பிள்ளை பெற்ற உடம்போடு, 400 மீட்டரை இரண்டரை நிமிஷத்துக்குள் ஓடினேன். கோடு தாண்டியதும் கீழே விழுந்து அழுதேன்.

சம்பளத்தை மறைக்காமல் சொல்கிறேன். 2024 ஜனவரிக் கணக்கில் அகவிலைப்படி 50 சதவீதம். அப்போது ஒரு இன்கிரிமென்ட் வாங்கி என் அடிப்படைச் சம்பளம் 18,700. அதோடு 9,350 சேர்த்தால் 28,050. அதில் பங்களிப்பு ஓய்வூதியத்துக்கு 10 சதவீதம், அதாவது 2,805 பிடித்தம். மற்றப் பிடித்தங்கள் தனி. குவார்ட்டர்ஸில் இருப்பதால் வீட்டு வாடகைப்படி கிடையாது. கையில் வருவது அவ்வளவுதான். ஆனால் ஷூ கம்பெனியில் ஒன்பதாயிரத்துச் சொச்சம் வாங்கினவளுக்கு இது என்ன பணம் என்று எனக்குத்தான் தெரியும். பெரியவளை நல்ல பள்ளியில் சேர்த்தேன். மாமியாருக்குக் கண் ஆபரேஷன் செய்தேன். மாசம் பிறந்தால் யாரிடமும் கை நீட்டவில்லை. அந்த நன்றி எனக்கு உண்டு.

அப்புறம் டூட்டி. 2016 மாதிரிச் சிறைக் கையேட்டில் ஆறு கைதிக்கு ஒரு காவலர் என்று கணக்கு. ஆனால் நாடு முழுக்கப் பார்த்தால் சிறைப் பணியிடங்களில் பத்துக்கு ஏறக்குறைய மூன்று காலி. காலி என்று காகிதத்தில் படிப்பது வேறு, அந்தக் காலி இடத்தில் நிற்பது வேறு. நான் வேலை செய்த ஒரு சிறையில் ஒரு மாசம் முழுக்க எனக்கு வார ஓய்வு ஒரே ஒரு நாள்தான் கிடைத்தது. யாரும் கொடுமைக்காரர்கள் இல்லை. ஒருத்தி பிரசவ லீவு, ஒருத்தி கைதியோடு ஆஸ்பத்திரியில் பாரா, அதாவது காவல், இன்னொருத்திக்கு வேறு இடத்தில் பந்தோபஸ்து. மிச்சம் இருந்தவர்கள் நாங்கள். சம்பளம் ஒரு ஆளுக்கு, டூட்டி ஒன்றரை ஆளுக்கு.

பெண்களுக்கு இன்னொரு சிக்கல். நாடு முழுக்கச் சிறைப் பணியில் பத்துக்கு இரண்டு பேர்கூடப் பெண்கள் இல்லை. பெண் கைதியைச் சோதனை போடப் பெண்தான் வேண்டும் என்று பழைய சட்டத்திலேயே இருக்கிறது, அது சரிதான். ஆனால் பெண்களுக்கான தனிச்சிறை நம் மாநிலத்தில் புழல், வேலூர், திருச்சி, கோவை, மதுரை என்று ஐந்தே இடம். ஆண் வார்டருக்குச் சொந்த ஊர்ப் பக்கம் மாறுதல் கேட்க எத்தனையோ இடம் உண்டு. நாங்கள் எங்கே கேட்பது?

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் முடிக்க மனசு வரவில்லை. ஆறு வயது வரை குழந்தை தாயோடு சிறையில் இருக்கலாம். சாயங்காலம் பூட்டுவதற்கு முன் உட்கார வைத்துக் கணக்கு எடுப்போம். ஒரு ஆள் குறைந்தாலும் கூடினாலும் மறுபடி முதலிலிருந்து. கணக்கு சரியாகும் வரை எங்களில் யாரும் நகர முடியாது. அங்கே மூன்று வயதுக் குழந்தை ஒன்று எங்கள் கணக்கைக் கேட்டே எண்ணக் கற்றுக்கொண்டது. நான் விரலை நீட்டிக்கொண்டே போக, அது என் சேலை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே "பதினொண்ணு, பன்னெண்டு" என்று வரும். என் சின்னவனுக்கும் அப்போது மூன்று வயது. அவனுக்கு எண் சொல்லிக் கொடுத்தது என் மாமியார்.

பழைய லைன்காரன், தொரப்பாடி

அந்தப் பெண் எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நான் 1986-ல் சேர்ந்து 2019-ல் 58 வயதில் தலைமைக் காவலராக ஓய்வு பெற்றவன். எங்கள் காலத்தில் என்னோடு சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் எட்டாவது, பத்தாவது. பாதிப் பேர் விவசாயக் குடும்பம், சில பேர் பட்டாளத்திலிருந்து வந்தவர்கள். பெண் வார்டர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இப்போது வருகிற பையன்களில் பி.இ. இருக்கிறான், எம்.ஏ. இருக்கிறான். தேர்வு பத்தாவதுக்குத்தான், உட்காருகிறவர்கள் பட்டதாரிகள். என் மகனே பி.எஸ்சி. முடித்துவிட்டு 2012-ல் இதே வேலைக்கு வந்தான்.

எனக்கும் அவனுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கேளுங்கள். எனக்குப் பழைய ஓய்வூதியம், மாசம் பிறந்தால் பாங்கியில் விழுகிறது. அவன் 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு வந்தவன், அதனால் சேர்ந்த நாளிலிருந்து பங்களிப்புத் திட்டம், அடிப்படையிலும் அகவிலைப்படியிலும் பத்துக்கு ஒன்று பிடித்தம். ஒரே பூட்டு, ஒரே சாவிக்கொத்து, ஒரே பாரா, வயதான பிறகு மட்டும் இரண்டு பேருக்கும் இரண்டு வாழ்க்கை. இது எனக்கு நியாயமாகப் படவில்லை. பதவி உயர்வும் அப்படித்தான். ஓய்வு வயதை 2020-ல் 59 ஆக்கி, 2021-ல் 60 ஆக்கினார்கள். மேலே இருந்தவருக்கு நல்லது. கீழே காத்திருந்தவனுக்கு இரண்டு வருஷம் தள்ளிப்போனது.

இங்கே தொரப்பாடியில் இருக்கும் வேலூர் மத்திய சிறையில் ராஜாஜி 1921-22-ல் கைதியாக இருந்தார், காமராஜர் இருந்தார் என்று வெளியூர்க்காரர்கள் ஆசையாகக் கேட்பார்கள். அவர்களைப் பூட்டித் திறந்த வார்டர் யார் என்று ஒருவரும் கேட்டதில்லை. உள்ளே போலீஸுக்கு ஷூ தயாராகிறது என்பதுகூட ஊரில் பல பேருக்குத் தெரியாது.

போன தை மாசம் நேதாஜி மார்க்கெட்டில் கத்திரிக்காய் வாங்கப் போனேன். இலவம்பாடி முள்ளுக்கத்திரி, காம்பில் முள் குத்தும், பார்த்துத்தான் எடுக்கணும். கடைக்காரர் ஒரு கிலோ நிறுத்துப் பையில் போட்டுவிட்டு, மேலே இன்னும் நாலு காயைப் போட்டு, காசு வேண்டாம் ஐயா என்றார். எனக்கு ஆள் பிடிபடவில்லை. "பொண்டாட்டிக்கு லெட்டர் எழுதிக் குடுத்தீங்களே ஐயா, ராத்திரி பாராவுல, கம்பிக்கு அந்தப் பக்கம் உக்காந்து" என்றார். அப்போதுதான் ஞாபகம் வந்தது. எழுதத் தெரியாத ஆள். வீட்டில் கோபித்துக்கொண்டு ஒரு வருஷமாக மனு பார்க்க, அதாவது அவரைச் சிறையில் வந்து சந்திக்க, யாரும் வரவில்லை. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். மூன்று வாரத்தில் அந்த அம்மா மனுவுக்கு வந்தார். காசை வற்புறுத்திக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். அந்தக் கடிதத்துக்கு நேரம் இருந்தது, ஏனென்றால் அன்றைக்கு பிளாக்கில் நாங்கள் இரண்டு பேர் இருந்தோம். ஒரே ஆள் என்றால் கம்பியைத் தட்டிப் பார்க்கவும் பூட்டைப் பார்க்கவுமே ராத்திரி போய்விடும். ஆள் பற்றாக்குறை வார்டரின் முதுகை மட்டும் ஒடிப்பதில்லை, உள்ளே இருக்கிறவனையும் பாதிக்கிறது.

குடியாத்தம் வீட்டுக்காரம்மா

என் வீட்டுக்காரர் தென் மாவட்டத்தில் வார்டர். வைகாசி ஒன்றாம் தேதி எங்கள் ஊரில் கங்கையம்மன் சிரசு, அம்மன் தலையை ஊர்வலமாகக் கொண்டுவரும் திருவிழா. உலகத்தில் எங்கே இருந்தாலும் குடியாத்தத்துக்காரன் அன்றைக்கு ஊருக்கு வந்துவிடுவான். கல்யாணமாகி ஆறு சிரசு போய்விட்டது, அவர் வந்தது ஒன்றுக்குத்தான். மற்ற வருஷமெல்லாம் வீடியோ காலில் சிரசைக் காட்டினேன். போன தடவை காட்டும்போது பாதியில் போன் கட்டாகிவிட்டது. டூட்டிக்கு உள்ளே போகும்போது போனைக் கொடுத்துவிட வேண்டும். வேலையை விடச் சொல்ல எனக்கு மனசு இல்லை, கடன் இருக்கிறது. லீவு மட்டும் ஒழுங்காகக் கிடைத்தால் போதும்.

பாகாயம் பஸ்

எங்கள் வீட்டில் யாரும் இந்தத் துறையில் இல்லை. ஒரு சந்திப்பை மட்டும் சொல்கிறேன். வேலூரில் சிறை அதிகாரிகளுக்கான பயிற்சி நிறுவனம் ஒன்று இருக்கிறது. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம் நான்கும் சேர்ந்து 1979-ல் தொடங்கியது. ஒரு நாள் பாகாயம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் அங்கே பயிற்சிக்கு வந்த மலையாளி. தடுமாறித் தடுமாறித் தமிழ் பேசினார். வகுப்பில் கைதியின் மனநிலை, சட்டம், மனித உரிமை என்று நிறையச் சொல்லித் தருகிறார்களாம். "எல்லாம் நல்ல பாடம். இதைச் செய்ய ஆள் மட்டும் வேண்டும்" என்றார். நான்கு மாநிலத்துக்காரர்கள் மெஸ்ஸில் ஒன்றாகச் சாப்பிடும்போது மொழி புரியாவிட்டாலும் அந்தப் பேச்சு மட்டும் எல்லோருக்கும் புரியும் என்று சொல்லிவிட்டு, தொரப்பாடியில் இறங்கிப் போனார்.

மைதானத்து வாத்தியார், கணியம்பாடி

எல்லோருக்கும் நன்றி. அந்தப் பையனைக் கூப்பிட்டு உட்கார வைத்து, நீங்கள் எழுதியதை முழுக்கப் படித்துக் காட்டினேன். 28,050 வரும்போது தலையாட்டினான், மாசம் முழுக்க ஒரு நாள்தான் ஓய்வு என்றதும் நிமிர்ந்து பார்த்தான். நான் போகாதே என்று சொல்லவில்லை. தெரிந்துகொண்டு போ என்றேன். யோசிக்கிறேன் சார் என்று சொல்லிவிட்டுக் கயிறு ஏறப் போனான்.

அணைக்கட்டு அம்மாவுக்கு ஒரு செய்தி. தன் தம்பியை தினமும் ஸ்கூட்டியில் கொண்டுவந்து விட்டுவிட்டு வேப்ப மரத்தடியில் காத்திருக்கும் ஒரு பொண்ணு இருக்கிறாள். நான் படித்ததை அவளும் கேட்டிருக்கிறாள். பையன் போனதும் கிட்டே வந்து, "ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல எந்த செக்‌ஷன்ல கேக்கணும்னு அந்த அக்காகிட்ட கேட்டுச் சொல்றீங்களா சார்?" என்றாள். வயது இருபத்தொன்பதாம். நாளையிலிருந்து தம்பியோடு அவளும் ஓடுகிறாள். கேட்டதற்குப் பதில் எழுதுங்கள் அம்மா.