மூன்றாவது விதை

(செடி வளர்ப்போர் குழு ஒன்றில் புனைபெயர்களில் எழுதிக்கொண்டவை)

குண்டுக்கள்ளி

ஒபேசா, அதாவது பந்து போல உருண்டிருக்கும் யூஃபோர்பியா கள்ளி, வளர்ப்பவர்களுக்கு நான் எங்கே வருகிறேன் என்று இப்போதே தெரிந்திருக்கும். ஆண் செடி ஒன்று, பெண் செடி ஒன்று. இரண்டும் ஒரே வாரத்தில் பூத்தது அந்த ஒரு வருடம்தான். தூரிகையில் மஞ்சள் பொடியை எடுத்துப் பெண் பூவின் மூன்றாகப் பிரிந்த சூல்முடியில் தடவினேன். ஒரே ஒரு காய் பிடித்தது. மூன்று அறை, மூன்று விதை.

விதை தெறித்து ஓடாமலிருக்கக் காய்க்கு வலை போட வேண்டும் என்று தெரியும். பச்சையாகத்தானே இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை இரவு விளக்கை அணைத்துப் படுத்த கொஞ்ச நேரத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம். நகவெட்டியில் நகம் தெறிப்பது போல, அவ்வளவுதான். போய்ப் பார்த்தால் காய் இருந்த இடத்தில் வெறும் காம்பு நிற்கிறது. கைபேசி வெளிச்சத்தைத் தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடித்துத் தேடினேன். அப்படிப் பார்த்தால் ஒவ்வொரு மண் துகளுக்கும் நீளமாக ஒரு நிழல் விழுகிறது, எல்லாமே விதையாகத் தெரிகிறது. ஒன்று ஜன்னல் கதவு நகரும் பள்ளத்தில் கிடைத்தது. இன்னொன்று செருப்புக்குள். மூன்றாவது கிடைக்கவே இல்லை.

இரண்டு வருடம் ஆகிறது. இன்றைக்கும் வீட்டைப் பெருக்கினால் குப்பையைக் கொட்டும் முன் விரலால் ஒருமுறை கலைத்துப் பார்க்கிறேன்.

நூல்கட்டி

"ஞாயிற்றுக்கிழமை" என்று படித்ததும் எனக்கு வயிறு எரிந்தது ஐயா. காய் பிடித்த வாரமே வலை ஏறியிருக்க வேண்டாமா?

என் கதை அடீனியம், பாலைவன ரோஜா என்பார்களே அது. இரண்டு பருவம், முப்பது நாற்பது பூ, ஒரு காய் கூட இல்லை. கடுப்பில் ஒரு பூவைப் பிளேடால் நெடுக்காகக் கிழித்தேன். அப்போதுதான் தெரிந்தது. ஐந்து மகரந்தப் பைகளும் ஒன்று சேர்ந்து கூம்பு மாதிரி மூடியிருக்கின்றன. மகரந்தம் அந்தக் கூம்புக்குள்ளே, ஒட்ட வேண்டிய பிசுபிசுப்பான இடம் அதற்கும் கீழே. நான் இரண்டு வருடமாகக் கூம்பின் நுனியில் தடவிக்கொண்டிருந்திருக்கிறேன். வாசலை விட்டுவிட்டுக் கூரைக்குக் கோலம் போட்ட கதைதான்.

சரி, எல்லோருக்கும் பயன்படட்டும். இதழை முன்பக்கம் கிழித்து எடுத்துவிடுங்கள், கை வைக்க இடம் கிடைக்கும். தூரிகை வேண்டாம், நுனி சீவிய பல்குத்தி போதும். ஒரு பூவின் கூம்புக்குள்ளிருந்து மகரந்தக் கட்டியை எடுத்து, இன்னொரு செடியின் பூவில் இரண்டு பைகளுக்கு நடுவே உள்ள இடுக்கில், அடியிலிருந்து மேலாக இழுங்கள். தன் பூவின் மகரந்தமே தனக்கு என்றால் அடீனியம் பெரும்பாலும் ஏற்காது. காய் இரட்டைக் கொம்பாக நீளும். அது வீங்க ஆரம்பித்ததும் மூன்று இடத்தில் நூல் கட்டுங்கள், இறுக்கமாக வேண்டாம். கட்டாமல் விட்டால் பிளந்துவிடும். விதைக்கு இரண்டு முனையிலும் பஞ்சுக் குஞ்சம் உண்டு, ஒரு காற்று போதும். எடுத்தவுடன் விதையுங்கள், அடீனியம் விதை பழசானால் முளைப்பது குறைந்துகொண்டே போகும். பெயர்ச்சீட்டில் தாய்ச்செடி பெயரை முதலில் எழுதுங்கள். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை வெயிலில் போய்விடும்.

கூழாங்கல்

நூல்கட்டி அவர்களே, உங்கள் நூலும் வலையும் எல்லாச் செடிக்கும் ஆகாது. கூழாங்கல் மாதிரியே இருக்கும் லித்தாப்ஸ் செடியின் காய் வெடிக்காது. காய்ந்தால் இறுக மூடிக்கொள்ளும், நனைந்தால்தான் திறக்கும். மழை வந்தால் மட்டும் விதையை வெளியே விடுகிற ஏற்பாடு அது.

எனக்கு நடந்தது இதுதான். லித்தாப்ஸில் 'லெஸ்லியை' என்ற இனம் ஒன்று, 'ஆகாம்பியே' என்ற இனம் ஒன்று, இரண்டும் ஒரே சமயம் பூத்தன. மதியத்துக்கு மேல் பூ விரிந்ததும் மாற்றி மாற்றித் தடவினேன். மாதக்கணக்கில் காத்திருந்து காயைப் பறித்து, ஒரு வெள்ளைத் தட்டில் வைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். கண்ணெதிரே சின்னச் சின்னக் கதவுகள் பின்னால் மடிந்து நட்சத்திரமாக விரிந்தது. உள்ளே தூசி மாதிரி விதை. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். காயவிட்டேன், மூடியது. திரும்ப நனைத்தேன், திறந்தது. மறுநாள் பக்கத்து வீட்டுப் பையனுக்காக மூன்றாவது தடவை.

ஒவ்வொரு தடவையும் தட்டிலிருந்த தண்ணீரைத் தொட்டியில் கொட்டிக் கழுவியிருக்கிறேன். கடைசியில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் அறைகள் பாதிக்கு மேல் காலி. விதைத்ததில் பதினொன்று வந்தது. அதில் நாலைந்தை நண்பர்களுக்குக் கொடுத்தேன்.

இரண்டு தொட்டி

கொடுத்தபோது என்ன பெயர் எழுதினீர்கள் கூழாங்கல்? லெஸ்லியை என்றா? அது கலப்பு. லித்தாப்ஸ் ஆராய்ச்சியாளர் டெஸ்மண்ட் கோல் காட்டில் ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனி எண் கொடுத்துப் பதிந்துவைத்தது எதற்கு? நாம் வீட்டில் இரண்டைக் கலந்து, தாயின் பெயரை மட்டும் எழுதிக் கைமாற்றினால் நாலு கைக்கு அப்புறம் அது என்னவென்று யாராலும் சொல்ல முடியாது. கலப்பதைத் தப்பு என்று சொல்லவில்லை. பெருக்கல் குறி போட்டு இரண்டு பெயரையும் எழுதுங்கள்.

நான் யோக்கியன் என்றும் சொல்லவில்லை. ஹவோர்த்தியா என்ற சின்னச் சதைப்பற்றுச் செடி இரண்டு தொட்டி, நாலு வருடம், மீன்பிடி நைலான் நூலை வைத்து ஒவ்வொரு பூவாகக் குத்தினேன். ஒன்றும் பிடிக்கவில்லை. தொட்டி மாற்றும்போது வேருக்கு அடியில் பழைய சீட்டு ஒன்று வந்தது, என் கையெழுத்தில், "பெரியதிலிருந்து பிரித்த குட்டி" என்று. ஒரே செடியை இரண்டு தொட்டியில் வைத்து அதற்கு அதையே கல்யாணம் செய்துவைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவசரக்காரன்

எனக்கு மகரந்தம் எல்லாம் பிரச்சினையே இல்லை, பிறகுதான். அஸ்ட்ரோஃபைட்டம் என்ற கள்ளியின் விதை, ஜிப் பை, நாலாம் நாளே பச்சைக் குண்டுமணிகள். எண்ணிப் பார்க்க ஆசை. தினமும் பையைத் திறந்தேன். முப்பத்தொன்று வரை வந்தது. பன்னிரண்டாம் நாள் காலையில் ஒரு மூலையில் சிலந்தி வலை மாதிரி வெள்ளையாக ஏதோ இருந்தது. நாளைக்குப் பார்க்கலாம் என்று மூடினேன். நாளைக்கு எண்ணுவதற்கு எதுவும் இல்லை.

நூல்கட்டி

அது பூஞ்சை. விதைக்கும் முன் மண்ணை வேகவைத்தீர்களா? கொதிநீர் ஊற்றி ஆறவைத்தாலாவது போதும். அப்புறம் பையைத் திறந்ததே தப்பு.

குண்டுக்கள்ளி

அவரை விடுங்கள் நூல்கட்டி, பாவம்.

கேட்டவர்களுக்கு: கிடைத்த இரண்டு விதையும் முளைத்தன. பூக்கும்வரை ஆணா பெண்ணா தெரியாது, இப்போதைக்குக் கோலி அளவுதான். போன வாரம் புத்தக அலமாரியை நகர்த்திப் பார்த்தேன். பின்னால் ஒரு பட்டன், இரண்டு மிளகு. மிளகை மட்டும் விதைத்துப் பார்த்தேன், ஒருவேளை.