இரண்டு கைதட்டல்கள்: கிரேக்கத் திரைப்படங்கள் குறித்த அனுபவப் பகிர்வு

தியோ ஆஞ்சலோபூலஸ் இயக்கிய 'தி டிராவலிங் பிளேயர்ஸ்' (1975) படத்தை ஒரு திரைப்படச் சங்கத்தின் திரையிடலில் முதன்முதலாகப் பார்த்தேன். ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஓடும் படம் என்பதால், பாதியிலேயே பலர் எழுந்து சென்றுவிட்டார்கள். மெட்டாக்சாஸின் சர்வாதிகாரம், இத்தாலியப் படையெடுப்பு, ஜெர்மானிய ஆக்கிரமிப்பு, உள்நாட்டுப் போர் என்று 1939 முதல் 1952 வரை கிரேக்கம் பட்ட பாட்டின் வரிசையை மட்டும் தெரிந்துகொண்டு போய் உட்கார்ந்தால், இப்படம் பார்ப்பவரைக் கைவிடாது என்பது என் உறுதியான எண்ணம்.

ஊர் ஊராகச் செல்லும் நாடகக் குழு ஒன்று, 'கோல்ஃபோ' என்னும் ஆயர்குலக் காதல் நாடகத்தைத் திரும்பத் திரும்ப மேடையேற்றுகிறது. ஆனால் குண்டுவீச்சோ கைதோ துப்பாக்கிச் சூடோ குறுக்கிட்டு, நாடகம் நடுவிலேயே நின்றுவிடுகிறது. கொல்லப்பட்ட தந்தை அகமெம்னானுக்காக மகள் எலெக்ட்ராவும் மகன் ஒரெஸ்டிஸும் பழிவாங்கும் பழங்கிரேக்கக் கதையின் மீது, குழுவினரின் குடும்பக் கதையை இயக்குநர் கட்டியிருக்கிறார். தந்தை அகமெம்னானை ஜெர்மானியரிடம் காட்டிக்கொடுத்தவனையும் அவனோடு வாழும் தாயையும், கெரில்லாப் போராளியாகிவிட்ட மகன் ஒரெஸ்டிஸ் மேடையிலேயே சுட்டுக் கொல்கிறான். அதையும் நாடகத்தின் ஒரு காட்சி என்றே எண்ணிப் பார்வையாளர்கள் கைதட்டுகிறார்கள். உள்நாட்டுப் போர் முடிந்தபின் மரண தண்டனைக்கு ஆளான அதே ஒரெஸ்டிஸைப் புதைக்கும் இடத்தில், எலெக்ட்ராவும் மற்றவர்களும் அவனுக்காகக் கைதட்டுகிறார்கள். முதல் கைதட்டல் அறியாமையால் எழுந்தது. இரண்டாவது, எல்லாம் அறிந்தவர்கள் ஒரு நடிகனுக்குச் செலுத்திய இறுதி மரியாதை. அந்த இரண்டாவது கைதட்டலின்போது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

இன்னொரு காட்சியையும் சொல்லியாக வேண்டும். 1946 புத்தாண்டு இரவில் வலதுசாரிகள் சிலர் பாடிக்கொண்டே தெருவில் நடக்கிறார்கள். காட்சி எங்கும் வெட்டப்படாமலேயே, அவர்கள் 1952 தேர்தலில் வலதுசாரித் தலைவரான தளபதி பாபாகோஸுக்கு ஆதரவாகத் திரண்ட கூட்டத்திற்குள் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். ஆறு ஆண்டுகளில் எதுவும் மாறவில்லை என்பதை ஒரு வசனமும் இல்லாமல் இவ்வளவு கடுமையாகச் சொன்ன வேறொரு படத்தை நான் பார்த்ததில்லை. கிரேக்கத்தில் இராணுவ ஆட்சி நடந்துகொண்டிருந்தபோதே படப்பிடிப்பைத் தொடங்கியவர் ஆஞ்சலோபூலஸ் என்பதையும், அந்த ஆட்சி 1974 ஜூலையில்தான் வீழ்ந்தது என்பதையும் நினைத்துப் பார்த்தால் அவருடைய துணிவு புரியும்.

மறுமொழி:

மேலே எழுதிய நண்பருக்கு நன்றி. கிரேக்கர் என்பவர் யார் என்ற கேள்வியோடு என்னை உட்கார வைத்தது, தாசோஸ் பூல்மெட்டிஸ் இயக்கிய 'எ டச் ஆஃப் ஸ்பைஸ்' (2003). இஸ்தான்புல்லில் வாழ்ந்த கிரேக்கக் குடியுரிமை உடையோரைத் துருக்கி 1964-இல் வெளியேற்றியதுதான் கதையின் மையம். மளிகைக் கடை வைத்திருக்கும் தாத்தா, மிளகைச் சூரியனாகவும் உப்பைப் பூமியாகவும் காட்டிப் பேரனுக்கு வானியல் கற்பிக்கிறார். துருக்கியக் குடியுரிமை உடைய அவர் அங்கேயே தங்கிவிட, பேரனின் குடும்பம் ஏதென்ஸுக்கு அனுப்பப்படுகிறது. துருக்கியர் எங்களைக் கிரேக்கர் என்று துரத்தினார்கள், கிரேக்கரோ எங்களைத் துருக்கியர் என்று வரவேற்றார்கள் என்று அவர்கள் நொந்துகொள்கிறார்கள்.

மதம் மாறினால் இங்கேயே இருக்கலாம் என்று அதிகாரி காதோடு சொன்னபோது தான் ஐந்து விநாடி தயங்கியதைப் பல ஆண்டுகள் கழித்துச் சாப்பாட்டு மேசையில் பேரனின் தந்தை வெளிப்படுத்தும் காட்சியில், நாடு, மதம், பிறந்த ஊர் ஆகிய மூன்றும் ஒரு மனிதனை எத்தனை திசைகளில் இழுக்கும் என்பது முழுமையாக வெளிப்படுகிறது. ஆஞ்சலோபூலஸின் படத்திலும் 1922-இல் சிற்றாசியாவிலிருந்து (இன்றைய துருக்கிப் பகுதி) அகதியாக வந்த கதையை அகமெம்னான் இரயிலில் அமர்ந்து நம்மை நேராகப் பார்த்துச் சொல்கிறார். ஆகையால், இவ்விரு படங்களையும் அடுத்தடுத்துப் பார்ப்பது நல்லது. ஆவணப்படம் பார்க்க விரும்புவோர், சைப்ரஸின் மீதான துருக்கியின் 1974 படையெடுப்புக்குப் பின் அங்குள்ள அகதிகளிடமே பேசி மிக்கேல் காக்கோயானிஸ் எடுத்த 'அட்டிலா 74'-ஐயும் இவற்றோடு சேர்த்துக்கொள்ளலாம்.