வீட்டை விட்டு வந்த கதையை எழுதும்போது எதிர்ப்பட்டவர்கள்: நான்கு பேர் பேசிக்கொண்டது

நொய்யல்கரை:

"அடி வாங்கறதெல்லாம் எத்தனாம் பக்கத்துல வருதுங்க?" கையெழுத்துப் பிரதியைப் புரட்டிய பதிப்பாளர் ஒருவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. கெட்ட மனுசர் இல்லை, காப்பி வாங்கிக் கொடுத்தார். ஆனால் அவருக்கு வேண்டியது அதுதான். புருசன் குடித்துவிட்டு வந்த ராத்திரிகள், தொண்டுப்பட்டியில் (மாடு அடைக்கிற பட்டி) போய்ப் படுத்துக்கொண்டது, "ஆம்பளைன்னா அப்படித்தான் கண்ணு, பொறுத்துக்க" என்று அம்மாயி தலையைத் தடவியது. எல்லாம் எழுதியிருக்கிறேன். முப்பது பக்கத்தில் முடிந்துவிடும். மிச்சம் முழுக்கத் திருப்பூர். "அதுல என்னங்க இருக்கு, ஊரே போற பனியன் கம்பெனிதானே" என்றார்.

தாராபுரம் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வந்தவளுக்கு அந்தப் பனியன் கம்பெனியில்தான் எல்லாமே இருந்தது. முதலில் கைமடி. டெய்லருக்குப் பீஸை எடுத்துக் கொடுத்து, தைத்துத் தள்ளுவதை வாங்கி அடுக்க வேண்டும். மெஷின் நின்றால் டெய்லருக்குக் காசு போச்சு, வசவு நமக்கு. அப்புறம் செக்கிங். ட்யூப்லைட்டுக்குக் கீழே பீஸை விரித்து ஓட்டை, எண்ணெய்க்கறை, தையல் விட்ட இடம் பார்த்து ஸ்டிக்கர் ஒட்டுவது, பிசிறு வெட்டுவது. காலை எட்டரைக்கு நுழைந்து ஐந்தரைக்குக் கிளம்பினால் ஒரு ஷிப்ட், ராத்திரி எட்டரை வரை நின்றால் ஒன்றரை. முதல் சனிக்கிழமை சம்பளக் கவரை வாங்கியதும் பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு எண்ணினேன். அதுவரை நான் எண்ணியதெல்லாம் பால் சொசைட்டிக் காசு. எண்ணி இன்னொருத்தர் கையில் கொடுக்கிற காசு.

எழுதும்போது என்னை ரொம்ப மறித்ததும் அடி உதை இல்லை, ஒரு கேள்வி. லைன் வீடு கேட்டுப் போன இடத்திலெல்லாம் வீட்டுக்காரம்மா கேட்பார்: "எந்த ஊரு கண்ணு? யாரூட்டுப் புள்ள?" நம் பக்கத்தில் இது மரியாதைக்குக் கேட்கிறது. ஊரையும் தோட்டத்தையும் சொன்னால் ரெண்டு நிமிசத்தில் ஏதாவது ஒறம்பரை (சொந்தக்கார) முறை கிளம்பிவிடும், விசயம் தாராபுரம் போய்ச் சேர்ந்துவிடும். சொல்லாவிட்டால் வீடு கிடையாது. சாதியை விசாரிக்கிற கேள்வியும் அதற்குள்தான் இருக்கிறது, அதையும் மழுப்பாமல் எழுதினேன். ஒரு அத்தியாயம் முழுக்க நான் அதற்குச் சொன்ன பொய்கள்தான். பவானிப் பக்கம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன், ஒரு வீட்டுக்காரம்மாவுக்குப் பிறந்த ஊரே பவானி.

தேதி எதுவும் நினைவில் நிற்கவில்லை. ஊருக்கே நடந்ததை வைத்துத்தான் கட்டினேன். உயர் நீதிமன்ற உத்தரவில் சாயப்பட்டறைகளை மூடியது 2011 ஜனவரி. சாயம் போட்ட துணி வராமல் டேபிள் காலியாகக் கிடந்தது, கூட இருந்தவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் போனார்கள். எனக்குப் போக ஊர் இல்லை, அதனால் அந்த வருசம் தப்பவே தப்பாது. 2016 நவம்பரில் ஐநூறும் ஆயிரமும் செல்லாது என்றபோது நான் ஓவர்லாக் டெய்லர். அந்தச் சனிக்கிழமைக் கவரில் வந்ததும் பழைய நோட்டுத்தான்.

ரிக் வண்டி:

அக்கா சொல்வது சரி. ஆனால் என்னை மறித்தது ஒரு ஆள். என் தம்பி.

நான் திருச்செங்கோட்டுப் பக்கம். பத்தாவது பாதியில், ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் வண்டி ஏறிவிட்டேன். வீட்டோடு ஒத்துவராத பையனுக்கு எங்கள் ஊரில் அது ஒரு வழி. மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று வண்டி போய்க்கொண்டே இருக்கும், மழைக்குத்தான் திரும்பும், யாரும் தேடி வர முடியாது. ராடு மாட்டுவது, கழட்டுவது, கம்ப்ரசர் சத்தத்தில் காது மந்தம், மூக்கு பூராவும் கல்மாவு. சோறு போட்டார்கள், அடிக்கவில்லை.

எழுதியதைத் தம்பியிடம் படிக்கக் கொடுத்தேன். அப்பன் என்னை வேப்பமரத்தில் கட்டிவைத்த இடம் வந்ததும் நிறுத்திவிட்டான். "மரத்துல இல்லண்ணா. தறிக்கூடத்துத் தூண்ல. தறி ஓடிட்டு இருந்துச்சு, நீ கத்துனது வெளிய யாருக்கும் கேக்கல." எனக்கு மரம்தான் ஞாபகம், பட்டை முதுகில் உரசியதுகூட. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டான்: "நீ போனப்பறம் எனக்கு உழுந்ததை எங்க எழுதியிருக்கற?" நான் வண்டி ஏறியபோது அவனுக்கு ஒன்பது வயசு.

கொஞ்ச நாள் நோட்டைத் தொடவில்லை. அப்புறம் மரத்தையும் வைத்தேன், தூணையும் வைத்தேன், எது யார் சொல்வது என்று போட்டு. அவனுக்கு எழுத வராது. போனில் பேசிப் பதிவு பண்ணி அனுப்பு என்றேன். தறிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பேசியிருக்கிறான், பாதி வார்த்தை கேட்கவில்லை, திரும்பப் பேசச் சொல்ல மனசு வரவில்லை. கேட்டதை மட்டும் அவன் பேச்சிலேயே போட்டிருக்கிறேன்.

குமாஸ்தா, ஈரோடு:

வக்கீல் ஆபீசில் இருப்பவன் என்பதால் எனக்கு எதிர்ப்பட்டவர்கள் வேறு மாதிரி. ஒரு அம்மா கையில் அவதூறு நோட்டீசோடு வந்தார் (விவரத்தை மாற்றித்தான் சொல்கிறேன்). தன் கதையில் எல்லார் பேரையும் மாற்றியிருந்தார். ஆனால் காங்கேயத்தில் தேங்காய்க் களம், மூணு பொண்ணு, மூத்த மாப்பிள்ளை வாத்தியார் என்று எழுதிவிட்டால் அப்புறம் பேர் எதற்கு? ஊரே விரலை நீட்டிவிடும். தொழிலை மாற்றுங்கள், ஊரை மாற்றுங்கள், பொண்ணுகள் எண்ணிக்கையை மாற்றுங்கள்.

அவதூறு முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 499, 500. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 356. உண்மையைத்தானே எழுதினேன் என்பது மட்டும் அங்கே போதாது, அதைச் சொன்னது பொதுநன்மைக்காகவும் இருக்க வேண்டும். "அப்பன்தான் செத்துப் போயிட்டாரே" என்றும் விட்டுவிடாதீர்கள். குடும்பத்தார் மனசைப் புண்படுத்தும் நோக்கம் இருந்தால் இறந்தவரைப் பற்றி எழுதியதும் அதில் வரும்.

தேதி நினைவில்லை என்கிறவர்களுக்கு ஒரு வழி. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2006 அக்டோபர் 26. புருசன் மேல் மட்டும் இல்லை, அப்பா, அண்ணன் மேலும் அதில் மனுப் போடலாம். பாதுகாப்பு அலுவலரிடம் புகார் கொடுத்திருந்தால் என்ன நடந்தது, எப்போது நடந்தது என்று அறிக்கையாகவே இருக்கும். கோர்ட்டுக்குப் போன வழக்கென்றால் நகல் மனுப் போட்டு உங்கள் வழக்குக் கட்டின் சான்றிட்ட நகலை வாங்குங்கள். அழுதுகொண்டு சொன்னதை யாரோ ஒரு எழுத்தர் வறட்டு வாக்கியத்தில் எழுதியிருப்பார். எழுதுகிறவருக்கு அந்த வறட்டு வாக்கியம் பெரிய உதவி.

சென்னிமலை:

எழுதி முடித்து பீரோவில் வைத்திருக்கிறேன். நோட்டீசுக்கெல்லாம் பயமில்லை. ஆத்தா இருக்கிற வரைக்கும் அச்சுக்குப் போகாது, அவ்வளவுதான். காதுத் தோட்டைக் கழட்டிக் கொடுத்து என்னை பஸ் ஏற்றி விட்டதே அவங்கதான். வீட்டில் இன்றைக்கும் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் இந்த வயசில் அவங்களுக்குச் சோறு போடுகிற கை நின்றுபோகும்.

நொய்யல்கரை:

சென்னிமலை அக்கா, நீங்க செய்யறதுதாங்க சரி. புத்தகம் எங்கே போகப் போகுது.

நான் அந்தப் பதிப்பாளரிடம் திரும்பிப் போகவில்லை. டிடிபி (கம்ப்யூட்டரில் எழுத்துக் கோப்பது), அச்சு எல்லாம் சொந்தச் செலவு. புத்தகத்துக்கு அடையாளமாகப் போடுகிற ஐஎஸ்பிஎன் எண் நம் நாட்டில் இலவசம், விண்ணப்பித்தால் தருவார்கள். அதற்குத் தனியாகக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவில் தெரிந்தவர் ஒருவர் தன் கடை ஓரத்தில் அடுக்கி வைத்தார். வாங்கியதில் பாதிப்பேர் கம்பெனிப் பெண்கள். போன் போட்டு அவர்கள் கேட்பது அடி உதையைப் பற்றி இல்லை, ரேசன் கார்டு அத்தியாயத்தைப் பற்றி. என் காலத்தில் பழைய கார்டில் பேர் நீக்கிய சான்று இருந்தால்தான் புதுக் கார்டு. அந்தப் பழைய கார்டோ புருசன் பீரோவில். இப்போது ஆன்லைனிலேயே நீக்கலாம். போன வாரம் ஒரு புள்ள கேட்டது: "அக்கா, ஓடிபி அவரு போனுக்குத்தான போகும்?"

ஆமாம், கார்டில் பதிந்த நம்பருக்குத்தான் போகும். தாலுகா ஆபீசில் வட்ட வழங்கல் அலுவலரைப் பார்த்து நேரில் மனுக் கொடு, கோர்ட்டில் வழக்கு இருந்தால் நகலையும் சேர்த்து வை என்று சொல்லியிருக்கிறேன். குமாஸ்தா அண்ணா, அந்த மனுவை எப்படி எழுதறதுன்னு ஒரு மாதிரி இங்கேயே போட்டுவிடுங்க. அந்தப் புள்ள திங்கக்கிழமை லீவு போட்டுட்டுப் போகுது.